கறுப்புத் திரையும் காணாமல் போன மூன்று கேள்விகளும்

கூலிங்கிளாஸ் அக்கா என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அச்சகத்து மேனேஜர்தான். நல்ல எண்ணத்தில் வைத்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்ணுக்குள் வீக்கம் வந்து, மூன்று மாதம் சொட்டு மருந்து ஊற்றி, ஒருவழியாகத் தேறி, கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், "வாங்க வாங்க, ஷூட்டிங் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கூட நாலு பேர் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அச்சகத்தில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறவள் அவள். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் அவள் கை படாத கேள்வித்தாள் கிடையாது. அதையெல்லாம் வைத்து யாரும் பட்டப்பெயர் சூட்டவில்லை, பாருங்கள்.

வீக்கம் ஆறிவிட்டது. பார்வையிலும் குறையில்லை. ஆனால் வெள்ளை வெளிச்சம் மட்டும் ஆகாமல் போய்விட்டது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தை அரை மணி நேரம் பார்த்தால் போதும், இடது கண்ணுக்குப் பின்னால் குத்தல் எடுக்கும். ஒரு மணி நேரம் தாண்டினால் வாந்தி. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே இரண்டு முறை குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் டாக்டர் கைவிளக்கை அணைத்துவிட்டு, "வேலையை விடணும்னு அவசியமே இல்லம்மா. பக்கம் கறுப்பா, எழுத்து வெளுப்பா தெரியுற மாதிரி வச்சுக்கோங்க. அப்படி வச்சா வேலை பாக்கலாம். வெள்ளைத் திரையிலேயே உக்காந்தீங்கன்னா, நான் என்ன மருந்து கொடுத்தும் பிரயோஜனம் இல்ல" என்றார்.

அக்காவுக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா, இரண்டு பொத்தானை அமுக்கினால் முடிகிற விஷயமா என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"அதெப்படி முடியும்?" என்றார் மேனேஜர். "கஸ்டமர் பக்கத்துல உக்காந்து பாக்குறாங்க. பேப்பர் வெள்ளை. திரையும் வெள்ளையாத்தான் இருக்கணும். உங்க ஒருத்தருக்காக ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கை வைக்க முடியாதும்மா."

அச்சகத்துக் கம்ப்யூட்டர்களின் அமைப்பை மாற்றுகிற பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. ஏதோ கஜானா சாவி மாதிரி அதைக் காத்தார். ஒரு மனுஷிக்குக் கண் வலிக்கிறது, வேலை போய்விடும் போலிருக்கிறது, அமுக்க வேண்டியது இரண்டு பொத்தான். அதற்கு முடியாது என்று சொல்ல ஒரு மனசு வேண்டுமே! அக்கா அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்தியே பழகியவர். முழுதும் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"முடிஞ்சுதா? அலமாரில ஒரு லேப்டாப் சும்மாதானே கெடக்கு. அதை எடுத்துட்டுப் போ."

"அதுல ஆபீஸ்ல இருக்கிற சாஃப்ட்வேர் எதுவும் கெடையாதே."

"ஓசில கிடைக்கிற சாஃப்ட்வேர் இருக்கே, அதைப் போடு. யாரு கதவைத் தட்டிக் கேக்கப்போறா?"

ஓசி என்று அவர் சொன்னது திறந்த மூல மென்பொருள்களை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம், யாரிடமும் பாஸ்வேர்டு கேட்டு நிற்க வேண்டாம். அச்சகத்து முதலாளியம்மாவிடம் கேட்டபோது, "வேலை நடந்தா சரி, எதுல வேணா செய்யி" என்று கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டார். மேனேஜருக்கு முகம் சுண்டிப் போனது. தன்னைத் தாண்டி மேலே போனதை அவர் மறக்கவே இல்லை.

கறுப்பாக்குவது அப்படியொன்றும் சுலபமாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. லேப்டாப்பின் பொது அமைப்பில் 'இருண்ட தோற்றம்' என்று ஒன்று இருந்தது. அதைத் தட்டினாள். கோப்புகள் இருக்கும் சன்னல் கறுப்பானது. ஆகா என்று எழுத்துச் செயலியைத் திறந்தால், பளீரென்று வெள்ளை! மேலே பட்டை மட்டும் கறுப்பு, நடுவில் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர். அதற்குத் தனி அமைப்பு, வேறோர் இடத்தில். அதைக் கண்டுபிடித்து மாற்றினால், கறுப்புப் பட்டையில் கறுப்புச் சின்னங்கள். எது சேமிப்பது, எது அழிப்பது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். சின்னங்களை மாற்ற இன்னோர் இடம். படம் திருத்தும் செயலி அதன் இஷ்டத்துக்கு ஒரு சாம்பல் நிறத்தில் வந்தது. பக்கம் வடிவமைக்கும் செயலியோ எதற்கும் மசியவில்லை.

"ஏன்டா, எல்லாரும் ஒரே இடத்துல ஒரு பொத்தான் வச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். இலவசமாகக் கொடுத்தவர்களைத் திட்டக்கூடாது என்ற நியாயமெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. இணையத்தில் ஓர் உதவி மன்றத்தில் கேட்டாள். ஒரு புண்ணியவான், 'திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாமே, எதற்கு இந்த ஆடம்பரம்?' என்று பதில் போட்டிருந்தான். ஆடம்பரமாம்! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளையாக அவனுக்குக் கீழே இன்னொருவர் ஒவ்வொரு படியாகப் பொறுமையாக எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதை வாசிக்க வாசிக்க, இவள் ஒன்றொன்றாகத் தட்டினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாம் கறுப்பாகிவிட்டது. "விளக்கு வைக்கிற நேரத்துல திரையை இருட்டாக்கிட்டியே, கெட்டிக்காரி" என்றார் வீட்டுக்காரர். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் குத்தவில்லை.

அந்த எழுத்துச் செயலியில் ஒரு விஷயம் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. எழுத்தின் நிறத்துக்கு 'தானியங்கி' என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் விட்டுவிட்டால் கறுப்புத் திரையில் எழுத்து வெளுப்பாகத் தெரியும், அதுவே காகிதத்தில் அச்சாகும்போது கறுப்பாக வரும். நாம் எதையும் தொடவேண்டியதில்லை. தொட்டுவிட்டால்தான் வம்பு. கறுப்பு என்று நாமாகக் குறித்துவிட்டால் இருட்டுத் திரையில் தெரியாது. வெள்ளை என்று குறித்துவிட்டால் காகிதத்தில் வராது. அக்கா தன் நோட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதி வைத்துக்கொண்டாள்: நிறத்தில் கை வைக்காதே. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் வைத்ததில்லை.

எட்டு மாதமும் நன்றாகத்தான் போயிற்று. அவளுடைய மூலை மேஜையை மேனேஜர் 'இருட்டறை' என்றார். போகிறபோது வருகிறபோது, "உள்ள ஆள் இருக்காங்களா?" என்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். தலைவலி இல்லை, விடுப்பு இல்லை, ஒரு பிழை இல்லை. அதுதான் அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கு வரலாற்றுத் தேர்வுக் கேள்வித்தாள். முப்பது கேள்வி, அறுநூறு பிரதி. அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதுவானாலும் முதலில் சரிபார்க்க ஒரு தாள் புரூஃப் எடுத்து, தட்டச்சு செய்தவர் ஒரு கையெழுத்து, மேனேஜர் ஒரு கையெழுத்து போட்ட பிறகுதான் மெஷினுக்குப் போகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு கையெழுத்தும் ஆகிவிட்டது. புதன்கிழமை அக்காவுக்குக் கண் பரிசோதனை. காலையில் வந்து லேப்டாப்பைத் திறந்து, பள்ளி வேலை தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினாள். லேப்டாப்புக்கு அவள் பூட்டுப் போடவில்லை. கூட வேலை செய்கிறவர்களை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று அங்கே யாரும் பூட்டுவதில்லை. கண்ணில் மருந்து ஊற்றியதால் அன்று மதியத்துக்குமேல் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாற்று வாத்தியார் கேள்வித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார். மறுநாள் தேர்வு.

"என்னங்க இது? பன்னிரண்டுன்னு நம்பர் இருக்கு, எதிர்ல ரெண்டு மார்க்குன்னு இருக்கு, நடுவுல கேள்வியக் காணோம்! பத்தொன்பது, இருபத்தி மூணு, அதுவும் அப்படித்தான். பிள்ளைங்க எதைப் பாத்து எழுதும்?"

மேனேஜர் தாளை வாங்கினார். ஒரு விநாடி பார்த்தார். பிறகு அச்சகமே கேட்கிற மாதிரி, மெஷின் சத்தத்துக்கும் மேலே குரலை உயர்த்தினார்.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! கறுப்புத் திரை வேணாம், கறுப்புத் திரை வேணாம்னு. யாரு கேட்டா? கண்ணு தெரியாதவங்களை வேலைக்கு வச்சா இதான் நடக்கும்!"

அக்கா எழுந்து நின்றாள். மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் சட்டென்று தங்கள் விசைப்பலகையில் ரொம்ப முக்கியமாக எதையோ தேட ஆரம்பித்தார்கள். மெஷின்காரர் கழற்றிவைத்த ஓர் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். இருபத்திரண்டு வருஷம் கூடவே வேலை பார்த்தவர்கள்! ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'என்ன சார் இப்படிப் பேசறீங்க' என்று கேட்கவில்லை.

"அந்த லேப்டாப்பை இன்னிக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் மேனேஜர். "நாளையிலேர்ந்து எல்லாரையும் மாதிரி வெள்ளைத் திரையில வேலை பாக்க முடிஞ்சா வாங்க. முடியாட்டி சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

வெள்ளைத் திரை என்றால் எத்தனை நாள்? இரண்டு நாள், மூன்று நாள். அதற்குப் பிறகு அவளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்க, சார்" என்றாள் வாத்தியாரிடம்.

பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்து மூன்று. மூன்றும் வெறுமை. அலமாரியைத் திறந்து செவ்வாய்க்கிழமை எடுத்த புரூஃபைத் தேடி எடுத்தாள். இரண்டு கையெழுத்தும் இருந்த அந்தத் தாளில் மூன்று கேள்விகளும் கறுப்பு மையில் அழகாக உட்கார்ந்திருந்தன. அதை வாத்தியாருக்கு முன்னால் வைத்தாள்.

"முந்தாநாள் இருந்துச்சே சார். பாருங்க. பன்னிரண்டு, இரும்பை உருக்கக் கற்றுக்கொண்ட பிறகு வேளாண்மை எப்படி மாறியது."

வாத்தியார் குனிந்து பார்த்தார். "இந்தக் கேள்வியா? இதை நான் வேண்டாம்னு மாத்திட்டேனேம்மா. போன வருஷம் கேட்டதுன்னு தலைமையாசிரியர் சொன்னாரு. பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தி மூணு, மூணுக்கும் பதிலா வேற கேள்வி நேத்து அனுப்பினேனே."

"யாருக்கு சார் அனுப்பினீங்க?"

"மேனேஜருக்குத்தான். போன்லயும் சொன்னேன். பாத்துக்கறேன்னாரு." வாத்தியார் போனை எடுத்துத் தேடினார். "இதோ. நேத்து பதினொண்ணு நாப்பது."

அக்கா கைப்பையிலிருந்து கண் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் புரூஃபின்மேல் வைத்தாள். வந்த நேரம் பதினொன்று இருபது என்று அதில் முத்திரை இருந்தது.

மேனேஜர் விடுகிற ஆளா? "ஆமா, நான்தான் சேத்தேன். அதுக்கென்ன? வாத்தியார் அவசரம்னாரு, இவங்க இல்ல, இவங்க லேப்டாப்புலயே சேத்து அனுப்பினேன். ஒழுங்காத்தான் இருந்துச்சு. வேணும்னா தொறந்து பாருங்க."

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்புப் பக்கத்தில் மூன்று கேள்விகளும் பளிச்சென்று தெரிந்தன.

"பாத்தீங்களா!" மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "இதுல இருக்கு, பேப்பர்ல இல்ல! இதுதான் கறுப்போட லட்சணம். ஓசி சாஃப்ட்வேர் வேற!"

இதற்குள் மேல்மாடி அறையிலிருந்து முதலாளியம்மா இறங்கி வந்திருந்தார். "என்ன சத்தம்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த திரையையே தானும் பார்த்தார்.

"சார், உங்க வெள்ளைத் திரையிலயே இதைத் தொறப்போம்" என்றாள் அக்கா. கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மேனேஜர் மேஜைக்குப் போனாள். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து திறந்தாள். வெள்ளைப் பக்கம் வந்தது. பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே வெறுமை. அவள் பக்கத்தின் பின்னணியை மட்டும் சாம்பல் நிறமாக மாற்றினாள். இருபத்தேழு கேள்விகள் கறுப்பில் இருக்க, நடுவில் மூன்று கேள்விகள் மட்டும் வெள்ளை எழுத்தில் எழுந்து வந்தன. வாத்தியார், "அட!" என்றார்.

"கேள்வி எங்கயும் ஓடிப் போகல சார். பேப்பர்லயும் இருக்கு. வெள்ளைப் பேப்பர்ல வெள்ளையா இருக்கு." அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "வாத்தியார் அனுப்பின கேள்விய அப்படியே எடுத்து ஒட்டியிருக்கீங்க. அது கறுப்புன்னு குறிச்சு வந்த எழுத்து. என் திரையில கண்ணுக்குப் படல. உடனே அது மூணையும் பிடிச்சு வெள்ளையாக்கிட்டீங்க. அப்ப பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும், வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சிருப்பீங்க. இந்த இருபத்தேழு கேள்வியையும் தட்டிப் பாருங்க, எல்லாம் தானியங்கி. நான் நிறத்துல கையே வைக்க மாட்டேன். மூணு கேள்வி மாத்தினீங்களே, மறுபடி ஒரு புரூஃப் எடுத்தீங்களா? எங்க அது? யாரு கையெழுத்துப் போட்டா?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "அவசரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"என்னைக் கேக்காம என் லேப்டாப்பைத் தொட்டீங்க. ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன், நிறத்தைத் தொடாதீங்கன்னு. பண்ணல. நீங்க பண்ணின தப்புக்கு என் கண்ணை இழுத்தீங்க!"

முதலாளியம்மா கையை உயர்த்தினார். "சரி, போதும். நாளைக்குப் பரீட்சை. ரெண்டு பேரும் விட்டுட்டு ஆக வேண்டியதப் பாருங்க."

ரெண்டு பேருமாம்! அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டு பேரும் விடுங்கள் என்பது எந்த ஊர் நியாயம்? அக்கா தன் மூலைக்குப் போனாள். வாத்தியாருடைய பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? மூன்று கேள்விகளையும் தானியங்கிக்கு மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புரூஃப் எடுத்தாள். வாத்தியார் முப்பதையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அக்கா தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், மேனேஜருக்கு முன்னால் வைத்தாள். விரலை எடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு சார். ரெண்டு பேரும்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு பேர் இல்ல. கண்ணு தெரியாதவங்கன்னு இந்த அச்சகம் முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னீங்க. அதே மாதிரி சொல்லுங்க, யார் செஞ்சதுன்னு."

மேனேஜர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடுங்க" என்றார் முதலாளியம்மா.

மேனேஜரின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்டிருக்காது. பின்னால் மெஷின் தடதடவென்று வேறொரு வேலையை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"கேக்கல, சார்" என்றாள் அக்கா.

மெஷின்காரர் உருளைத் துணியைக் கீழே போட்டார். காலையிலிருந்து நிமிராத மனிதர், நிமிர்ந்து, கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். கடைசித் தாள் விழுந்தது. மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. ஏழு மேஜையிலும் தலைகள் திரும்பின.

"அந்த மூணு கேள்வியையும் வெள்ளையாக்கினது நான்தான்" என்றார் மேனேஜர். அந்த அமைதியில் அது வாசல்வரைக்கும் போனது. "புரூஃப் எடுக்காம அனுப்பினதும் நான்தான். அவங்க கண்ணைப் பத்திச் சொன்னது தப்பு."

அக்கா தாளிலிருந்து விரலை எடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கிக்கொண்டு போய் மெஷின்காரர் கையில் கொடுத்தாள்.

"இப்ப கேட்டுச்சு" என்றாள். "மெஷினைப் போடுங்கண்ணே."